உளநலம்: வாசகர் கேள்வி

கேள்வி: கலியாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து என் மகளுக்கு நித்திரை இல்லை. தான் ஒரு பெண்ணையே விரும்புவதாகச் சொல்கிறாள். உளவளத்துணையாளரிடம் கூட்டிச்சென்றால் மாற்றிவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அம்மா, மாற்றுவதற்காக அவரை எங்கும் கூட்டிச்செல்லாதீர்கள். தற்பால் ஈர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973 இலும் உலக சுகாதார நிறுவனம் 1990 இலும் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகள் பலன் தராததோடு மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கூட்டக்கூடியவை. ஆனால் நித்திரையின்மைக்கு உதவி தேவை. ஒரு பெண்ணின் துயரத்துக்கான காரணத்தை அவளுக்குள் மட்டும் தேடாமல், வீடும் ஊரும் அவள்மீது செலுத்தும் அதிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே பெண்ணிய உளவியலாளர்கள் வலியுறுத்தும் அடிப்படை. அந்த வகையில், தரகரிடம் கொடுத்த சாதகத்தையும் படத்தையும் நீங்கள் திருப்பி வாங்குவதே முதற் சிகிச்சை என்பேன். நம் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் தற்பால் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இன்னமும் இருப்பதால், மகளின் சம்மதமின்றி இதை உறவினர் எவருக்கும் இனிச் சொல்லவேண்டாம். உளவளத்துணையாளரைத் தெரிவுசெய்யும்போது, "இதை நீங்கள் நோயாகக் கருதுகிறீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள், ஆம் என்றால் வேறொருவரை நாடுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் தென்பட்டால் தாமதிக்காமல் தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள்.