அமெரிக்காவில் இல்லினாய் மாநிலப் பள்ளி வினாடி வினா ஆட்டம் ஏன் மற்ற இடங்களிலிருந்து மாறுபடுகிறது?

இதன் வேர் 1953-ல் என்பிசி வானொலியில் தொடங்கிய ‘காலேஜ் பவுல்’ என்ற கல்லூரி வினாடி வினா நிகழ்ச்சி. பள்ளிகள் அதைப் பார்த்துத் தமக்கேற்ப விதி வகுத்துக்கொண்டன. இல்லினாயில் பள்ளிச் சங்கமே 1987-ல் மாநிலப் பட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுதும் போட்டிகளுக்குக் கேள்வி விற்கும் என்ஏக்யூடி நிறுவனம் பிறந்ததோ 1996-ல். அதனால்தான் உள்ளூர் வழக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன: அணிக்கு நாலு பேருக்குப் பதில் ஐந்து பேர்; கேள்வி முடியுமுன் பஸ்ஸரை அழுத்தித் தவறினாலும் மைனஸ் 5 கிடையாது; போனஸில், அதாவது சரியாகச் சொன்ன அணிக்குக் கிடைக்கும் கூடுதல் கேள்விகளில், அந்த அணி விட்டதை எதிரணி எடுக்கலாம்.

மைனஸ் இல்லையென்றால் அவசரக்குடுக்கைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் தவறிய அணி அந்தக் கேள்வியில் மறுபடி வாய் திறக்க முடியாது. எதிரணி முழுதாகக் கேட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொல்லும்.

கேள்வியின் அமைப்பும் முக்கியம்: கடினமான குறிப்பு முதலில், எளிதானது கடைசியில். மேரி கியூரி பற்றியது என்றால் முதலில் பிட்ச்பிளெண்ட் தாது, நடுவில் பொலோனியம், கடைசியில்தான் ‘இரு அறிவியல் துறைகளில் நோபல்’. கடைசிக் குறிப்பை முதலில் வைத்தால் எல்லோரும் ஒரே நொடியில் அழுத்துவார்கள். ஜெயிப்பது படிப்பல்ல, விரல் வேகம்.