நானும் கை தூக்கினேன்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், சைக்கிள் திருடினார் என்று சொல்லி வாட்ச்மேனை நிறுத்துவதற்குச் சம்மதம் கேட்டார்கள். சைக்கிள் காணாமல் போன அன்று அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார், எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கிவிட்டேன். நான் கோழையா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், வரிசையாக ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள், அதையெல்லாம் கேட்ட பிறகுதான் விஷயம் தெரியாத அந்த ஒருவரின் முறை வரும். நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். வெறும் கோட்டுக்கே இப்படி. நீங்களோ தினமும் படிக்கட்டில் பார்த்துச் சிரிக்க வேண்டிய மனிதர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர்களையே கேட்டார் ஆஷ். சிலர் தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். சிலருக்குத் தப்பு என்று தெரிந்தே இருந்தது, தனித்துத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நம் வாழ்க்கையில் இரண்டும் கலந்துதான் வரும். 'இத்தனை பேர் சொல்கிறார்களே, எனக்குத் தெரியாத ஏதாவது இருக்குமோ' என்று அந்த நொடியில் உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

அப்புறம் அவர் சோதனையைக் கொஞ்சம் மாற்றினார். ஏற்பாடு செய்த ஆட்களில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்ல வைத்தார். கூட்டத்துக்கு இணங்கிச் சொன்ன தப்புகள் கிட்டத்தட்ட கால்வாசியாகக் குறைந்துவிட்டன. பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தனியாக எழுதித் தரச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தன. கை தூக்கச் சொல்லி முடிவெடுக்கும் கூட்டங்களை நான் வெறுப்பது இதனால்தான்.

என்னை உறுத்துவது வேறொன்று. அவர் லீவில் போனது அந்தக் கூட்டத்தில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கலாம். பேசலாமா வேண்டாமா என்று தயங்கியவர், உங்கள் கை உயர்ந்ததைப் பார்த்துத் தன் கையையும் தூக்கியிருக்கலாம். அவரைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு பேராகச் செயலாளரிடம் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் தனியாகவாவது போங்கள், சம்பளம் நின்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஒவ்வொரு நாளும் கனம். போய்வந்து எழுதுங்கள்.