மலைநாட்டில் பழைய ஜீப்: டீசல் எஞ்சின் பற்றிய வாசகர் கேள்விகள்

ராகலையிலிருந்து ஒரு விவசாயி: கோவாவும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் ஏற வேண்டும். டர்போ இல்லாத 4டிஆர்5 எஞ்சின் பூட்டிய மிட்சுபிஷி ஜீப்பும், டர்போ உள்ள 4டி56 எஞ்சினுடன் பஜேரோவும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எதை வாங்கலாம்?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு காற்று குறைவாகவே கிடைக்கும். ஆனால் பழைய டீசல் பம்ப் கொழும்பில் செலுத்திய அளவையே இங்கும் செலுத்துவதால், இழுவை குறைவதோடு சரியாக எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறுகிறது. டர்போ இந்தக் குறையில் பெரும்பங்கை ஈடுகட்டிவிடும். எனினும் நீங்கள் சொல்லும் பாதையில் லோ கியரில், நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் போகப்போகிறீர்கள். அந்த வேலைக்கு 2,659 சிசி கொண்ட 4டிஆர்5 தாராளமாகப் போதும். எந்தக் கிராமத்துப் பாஸும் அதைக் கழற்றிப் பூட்டுவார். வாரந்தோறும் தம்புள்ளைக்குச் சரக்கு கொண்டு போவதாக இருந்தால் மட்டும் பஜேரோவைப் பாருங்கள்.

அட்டனிலிருந்து: பஜேரோவில் 4டி56, 4எம்40 என்ற இரண்டில் எது நல்லது?

4டி56 எஞ்சின் 2,477 சிசி. வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டில் ஓடுவது. 1993இல் வந்த 4எம்40 எஞ்சின் 2,835 சிசி. அதில் டைமிங் செயின். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு விற்பவரிடம் சிட்டை இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துவிடுங்கள், ஏனெனில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளைப் பிஸ்டன் அடித்து எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். சுமையோடு ஏறும் வண்டிக்கு 4எம்40 என்பதே என் விருப்பம். ஆனால் பெல்ட்டையும் செயினையும்விட நான் அஞ்சுவது சூட்டுக்குத்தான். ஒருமுறை கொதித்த 4டி56இன் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடுவது பலரும் அறிந்த குறை. டொயோட்டாவின் 1கேஇசட் எஞ்சினுக்கும் அதே பெயர் உண்டு. குளிரான ஊரில் எஞ்சின் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்கவிடாமல் அழுத்திப் பிடிப்பது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கினிகத்தேனை ஏற்றத்தில் ஆரம்பிக்கும் கோளாறு ஹெட்டில் போய் முடியும். எந்த எஞ்சினை வாங்கினாலும் முதல் நாளே புது மூடி போடுங்கள். கூலண்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓட்டாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து: எனக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, காலையிலேயே போங்கள். போனதும் எஞ்சினின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் ஜீப்பை, வாசலில் நின்று இதமாக உறுமிக்கொண்டிருந்த நிலையில்தான் வாங்கினேன், மறுநாள் விடியற்காலையில் அரைமணி நேரம் தள்ளினோம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற பசை ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தொடங்கிய சில நிமிடங்களில், எஞ்சின் இன்னும் சூடாகாமலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விறைத்துக் கல்லாகிவிட்டால், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கெஸ்கட்டோ ஹெட்டோ போய்விட்டது என்று பொருள். ஒயில் மூடியைக் கழற்றிவிட்டு ஐட்லில் ஓடவிடும்போது புகை பலமாகப் பொங்கி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. குளிர்காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகைக்குப் பெரும்பாலும், குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக் காரணம், அது சிறு செலவு. நீலப்புகை ஒயில் எரிவது, அது பெருஞ்செலவு.

அதன்பின் பெரகலைச் சந்திக்கு இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு அப்புத்தளைக்குத் திரும்ப ஏறுங்கள். சமதரையில் சுற்றிக்காட்டும் வண்டி எதையும் சொல்லாது. ஏறும்போது சூட்டு முள் நடுவிலேயே நிற்க வேண்டும். அடுத்த நாள் எஞ்சின் ஆறிய பின் தண்ணீரின் அளவை மீண்டும் பார்க்க அனுமதி கேளுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். பரிசோதனைக்கு முன் டீசல் அளவை மாற்றும் பம்பின் திருகைக் குறைத்து, பின்னர் கூட்டிவிடுவோர் உண்டு.

மஸ்கெலியாவிலிருந்து: சுற்றுலாப் பயணிகளை ஏற்ற லேண்ட் ரோவர் டிஃபெண்டர் தேடுகிறேன். 300டிடிஐ, டிடி5 இரண்டில் எது?

இரண்டுமே 2,495 சிசி. 300டிடிஐ நான்கு சிலிண்டர், முழுக்க இயந்திரப் பம்ப். 1998இல் வந்த டிடி5 ஐந்து சிலிண்டர், மின்னணுக் கட்டுப்பாடு. டிடி5 இனிமையாக இழுக்கும், ஆனால் இன்ஜெக்டர் வயர் வழியாக ஒயில் ஊறிக் கணினிப் பெட்டியின் பிளக் வரை போய்விடும் பழக்கம் அதற்கு உண்டு. மின்னணு தெரிந்த கராஜ் உங்களுக்கு அருகில் இல்லையென்றால் 300டிடிஐயே போதும்.

தலவாக்கலையிலிருந்து: கொமன் ரெயில் எஞ்சினுக்கு நம் டீசல் ஒத்துவருமா?

ஒத்துவரும், கவனம் இருந்தால். அதில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசல் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்வதால், பழைய பம்ப் பொறுத்துக்கொண்ட நீரையும் தூசியையும் இந்த இன்ஜெக்டர்கள் பொறுக்கமாட்டா. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் கேன்களிலும் பீப்பாய்களிலும் டீசல் சேர்த்து வைத்தவர்கள் பலர். அப்படி ஓடிய வண்டியா என்று விசாரியுங்கள். வாங்கிய பின் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலையே அடியுங்கள், ஃபில்டரில் சேரும் நீரை அடிக்கடி வடித்துவிடுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து: ஜீப்பில் வேறு எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள், பதிவுப் புத்தகத்தில் பழைய இலக்கமே இருக்கிறது. வாங்கலாமா?

எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விற்பவரே புதிய இலக்கத்தைப் பதிந்து தரும்வரை முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.