எஞ்சின் கேள்வி பதில்: நைற்றோ எஞ்சினைக் குளிர வைத்துப் பழக்காதீர்கள்

பதில் சொல்பவர்: கல்லடியில் மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துபவர்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ரிமோட்டில் ஓடும், 1/8 அளவு நைற்றோ பக்கி கார் ஒன்று தந்தார், மெதனோல் கலந்த நைற்றோ எரிபொருளில் ஓடுவது. 21 எஞ்சின். கராஜ் வைத்திருக்கும் மாமா, "புது எஞ்சினைச் சூடேற விடாதே" என்கிறார். காரைக் கல்லில் ஏற்றி, மேசை ஃபேனைப் பிடித்து, புது எஞ்சின் பழகும்வரை ஐந்து டாங்கி எரிபொருளை ஐடிலில் (திறொட்டில் கொடுக்காமல்) ஓடவிடச் சொல்கிறார். ஆனால் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் பாதியில் இறுகி நின்றுவிடுகிறது. எஞ்சின் பழுதா?
வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: பழுதில்லை தம்பி. முதலில் அந்த ஃபேனை நிறுத்துங்கள்.

மாமா சொல்வது மோட்டார் சைக்கிளுக்குச் சரி. அதன் பிஸ்டனில், சுற்றியுள்ள இடைவெளியை அடைக்கும் ரிங் இருக்கிறது. நான் நாளாந்தம் கழற்றிப் பூட்டும் படகு எஞ்சினிலும் ரிங் உண்டு. உங்கள் கையில் இருப்பது 0.21 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.5 சீசீ எஞ்சின். இதில் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், உட்புறம் குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் குழாய்), இரண்டும் நேரடியாக உரசி ஓடுகின்றன. ஸ்லீவின் மேல்வாய் வேண்டுமென்றே கொஞ்சம் ஒடுக்கமாகக் கடையப்பட்டிருக்கும். பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது அங்கே பிடிக்கும். நீங்கள் இறுக்கம் என்று பயந்தது அதைத்தான். புது எஞ்சின் அப்படிப் பிடிக்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

சூடேறும்போது பித்தளை ஸ்லீவ், சிலிக்கன் கூடிய அலுமினியக் கலவைப் பிஸ்டனைவிடக் கூடுதலாக விரியும். ஒடுக்கம் போய், இரண்டும் சரியான அளவுக்கு வரும். ஃபேன் பிடித்துக் குளிர வைத்தால் ஸ்லீவ் விரியாது. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒடுக்கத்தில் போய் முட்டும், கனெக்டிங் ரொட் அடிவாங்கும். ஐந்து டாங்கி முடியும்போது எஞ்சினின் கொம்ப்ரஷன் தேய்ந்து போயிருக்கும், கார் ஒரு முழம்கூட ஓடியிருக்காது. சூட்டில் கெடுகிற நைற்றோ எஞ்சின்கள் உண்டுதான். ஆனால் பழக்கும் காலத்தில் குளிரும் அதே அளவுக்கு எதிரி.

இறுகி நிற்கும்போது கயிற்றைப் பலமாக இழுக்காதீர்கள், அறுந்துவிடும். பிளைவீலைக் கையால் பின்பக்கம் சுற்றி பிஸ்டனைக் கீழே இறக்குங்கள். வீட்டில் தலைமுடி காயவைக்கும் ஹெயார் ட்ரையர் இருந்தால் அதை எஞ்சின் தலையில் பிடியுங்கள். கை வைக்க முடியாத சூடு வரட்டும், 80, 90 பாகை செல்சியஸ் நல்லது. பிறகு குட்டை குட்டையாக இழுத்துப் பாருங்கள், இளகியிருக்கும். அப்படியும் மசியாவிட்டால் எஞ்சின் தலையில் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட் ஆனதும் இறுக்குங்கள். எரிபொருள் மேலே நிரம்பிப் போயிருந்தால் அதுவும் இறுகும். அப்போது பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, கயிற்றை இழுத்து வெளியே தள்ளுங்கள்.

கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைக் கம்பனி வைத்த இடத்திலேயே விடுங்கள், அதில் கலவை கொஞ்சம் கொழுப்பாக, எரிபொருள் கூடியதாகத்தான் இருக்கும். சைலன்சரில் புகை தெரிய வேண்டும். இந்த எஞ்சினுக்கு ஒயில் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது, வேறு ஒயில் இல்லை. ஊசியை இறுக்கினால் எரிபொருளோடு ஒயிலும் குறையும் என்பதை மறக்காதீர்கள். தலை 95 முதல் 105 பாகைக்குள் நிற்கட்டும். அந்தச் சூடு வராவிட்டால் தலையில் பழைய காலுறை ஒன்றைச் சுற்றுங்கள், ஊசியை இறுக்கிச் சூடேற்ற வேண்டாம்.

சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் அளவி வேண்டும். கொரோனாக் காலத்தில் வாசல்களில் நெற்றியில் பிடித்தார்களே, அது உதவாது, காய்ச்சல் அளவோடு நின்றுவிடும். ஒன்றும் இல்லையென்றால் பிளக் ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். மூன்று நான்கு விநாடி சிலிர்த்துக் கொதித்து மறைந்தால் சரி. பட்டதும் பறந்தால் அதிக சூடு. அப்படியே உட்கார்ந்திருந்தால் குளிர்.

ஓட்டத்தைத் தரையிலேயே வையுங்கள். சில்லு அந்தரத்தில் சுற்ற முழுத் திறொட்டில் கொடுத்தால் பாரமில்லாமல் வேகம் கண்டபடி ஏறி எஞ்சினை முறித்துவிடும். முதல் இரண்டு டாங்கிக்கு அரைத் திறொட்டிலுக்கு மேலே போகாமல், கொடுத்துக் கொடுத்து விடுங்கள். ஒவ்வொரு டாங்கி முடிந்ததும் நிறுத்தி, பிஸ்டனைக் கீழே இறக்கி, முழுதாக ஆறவிடுங்கள். உச்சியில் விட்டு ஆறினால் ஸ்லீவ் சுருங்கிப் பிஸ்டனைக் கவ்வும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி, ஊசியைப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றாக இறுக்கலாம். ஆறு, ஏழு டாங்கி போகும். அவசரப்பட என்ன இருக்கிறது மனே, கார் உங்களுடையதுதானே.

நம்மூர்க் காற்றையும் கணக்கில் எடுங்கள். கச்சான் காற்று (சூடான தென்மேற்குக் காற்று) வீசும் பகலில் சரிபார்த்த ஊசியை மார்கழி விடியலில் அப்படியே நம்பாதீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, ஊசியைச் சற்றுத் திறக்க வேண்டி வரும். கடற்கரை மணல் வேண்டாம், ஒரு துகள் உள்ளே போனாலும் குரோமைக் கீறிவிடும். அறுவடை முடிந்த களவெட்டியோ பாடசாலை மைதானமோ தேடுங்கள். எங்கே ஓடினாலும் எயர் ஃபில்டர் பஞ்சு அதற்குரிய ஒயிலில் ஊறியிருக்க வேண்டும். ஓடி முடிந்ததும் டாங்கியை வெறுமையாக்கி, பிளக் துவாரத்தில் ஆஃப்டர் ரன் ஒயில் (ஓட்டம் முடிந்ததும் துருப்பிடிக்காமலிருக்க விடும் ஒயில்) சில துளி விட்டுச் சுற்றுங்கள். மெதனோல் ஈரத்தை இழுக்கும், கடல் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். பெயரிங் துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

கேள்வி: நைற்றோ எரிபொருள் கிடைப்பது கஷ்டம். பெற்றோலில் டூ ஸ்ட்ரோக் ஒயில் கலந்து ஊற்றலாமா?
வாசகர், ஓட்டமாவடி

பதில்: முடியாது. இதில் பொறி அடிக்கும் பிளக் இல்லை. குளோ பிளக்கின் பிளாட்டினச் சுருள் மெதனோல் ஆவி பட்டுத்தான் தொடர்ந்து சிவந்திருக்கும், பெற்றோலுக்கு அப்படிச் சிவக்காது. வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் போத்தலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம், விமானத்தில் அது தடை.

கேள்வி: மகனுக்கு 13 வயது. எரிபொருளைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினி அலுமாரியில் வைத்திருக்கிறான். பரவாயில்லையா?
ஒரு தாய், அக்கரைப்பற்று

பதில்: சகோதரி, இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். மெதனோல் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். சோடாப் போத்தலில் இருப்பதைத் தாகத்தில் யாரும் பார்த்துக் குடிப்பதில்லை. வந்த கலனிலேயே மூடி இறுக்கி, அடுப்புக்குத் தூரமாக, பூட்டி வையுங்கள், திறப்பு உங்களிடம் இருக்கட்டும். எரிபொருள் ஊற்றுவது முற்றத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். மெதனோல் தீயின் சுவாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சூடான எஞ்சினுக்கு மேலே ஊற்றவே கூடாது, ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.