குதிரைக்கு வயிற்றுவலி: ஒரு வலி ஊசிக்கு மேல் இன்னொன்று போடலாமா?

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் கொதித்து, தீவனம் காய்ந்த சோளத்தட்டையாக மாறும்போது குதிரை வயிற்றுவலிக் கேள்விகளும் கூடிவிடுகின்றன. இந்த முறை பெரும்பாலானவை வலி ஊசியைப் பற்றியவை என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

பந்தயக் குதிரை. காலையில் மாட்டு வைத்தியத்துக்கு வந்தவர் மெலாக்சிகாம் போட்டார். இரண்டு மணி நேரமாகியும் புரளுவது நிற்கவில்லை. ஃப்ளுனிக்ஸின் போடச் சொல்கிறார்கள், போடலாமா? (மேலூர்)

வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுத்துத்தான் இரண்டுமே வலியைக் குறைக்கின்றன. ஒன்று முழு அளவில் உள்ளே இருக்கும்போது இன்னொன்றைச் சேர்த்தால் வலி நிவாரணம் இரட்டிப்பாகாது, கேடுதான் கூடும். குடலின் உட்சவ்வைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போக வழிவிடுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வயிற்றுவலிக் குதிரை தண்ணீர் குடிக்காது, வியர்த்துக் கொட்டும், ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் இரண்டு ஊசி என்றால் சிறுநீரகத்தின் உட்பகுதித் திசு செத்துப்போகலாம், இரைப்பையில் புண் வரலாம். பெருங்குடலின் வலது மேல்பகுதி புண்ணாவது இன்னும் வஞ்சகமானது. சில நாள் கழித்துக் கழிச்சல், அடிவயிற்றில் நீர்வீக்கம், மெலிவு என்று தலைகாட்டும். அன்று போட்ட ஊசிதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

முதலில் எத்தனை மில்லி போட்டார் என்று கேளுங்கள். குதிரைக்கு மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். 210 கிலோ நாட்டுக் குதிரைக்கு, மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தில் 25 மில்லி ஆகும். 10 மில்லி போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்றால், அது பாதி அளவுகூட இல்லை. அந்த நிலையில் அதே மருந்தின் மீதியைக் கொடுத்து முழு அளவாக்குவதா என்று மருத்துவர் முடிவெடுப்பார். மாடுகளுக்கு விற்கும் சில ஊசிகளில் மெலாக்சிகாமுடன் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். ஆகவே காலி பாட்டிலைத் தூக்கி எறியாமல் அவரிடம் காட்டுங்கள்.

முழு அளவு போட்டும் அடங்கவில்லை என்றால் சேர்க்க வேண்டியது வேறு குடும்பத்து மருந்தை. மயக்கி வலியடக்கும் சைலசின் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம் கழுத்து நரம்பில், அதாவது ரத்தச் சிரையில் போனால் சில நிமிடங்களில் தலை தொங்கும், 20–30 நிமிடம் வலி அடங்கியிருக்கும். தேவையானால் அதனுடன் பியூடார்ஃபனால் என்ற வலி மருந்தும் சேர்ப்பார்கள். இவை மெலாக்சிகாமோடு மோதுவதில்லை. அந்த அரை மணி நேரத்தில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்யலாம், ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்க்கலாம், நரம்பில் சலைன் ஏற்றத் தொடங்கலாம். மருந்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால் மெலாக்சிகாமுக்குப் பின் 24 மணி நேரம் விடுவது நல்லது.

எடை மேடை இல்லாமல் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது? (உசிலம்பட்டி)

தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்புட்ட முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் சுமார் 214 கிலோ. கண்மதிப்பில் 'முந்நூறு இருக்கும்' என்று சொல்லி ஊசி போட்டால் இந்தக் குதிரைக்கு 40 சதவீதம் கூடுதலாகப் போயிருக்கும்.

டாக்டர் ஃப்ளுனிக்ஸின் போட்டதும் அடங்கியது. நான்கு மணி நேரத்தில் மறுபடி வயிற்றை உதைக்கிறது. பாட்டிலில் மீதி இருக்கிறது, சதையில் நாங்களே போட்டுவிடலாமா? (அவனியாபுரம்)

போடாதீர்கள். ஃப்ளுனிக்ஸின் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், அடுத்த ஊசிக்கு 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். மேலே சொன்ன 214 கிலோ குதிரைக்கு, மில்லிக்கு 50 மில்லிகிராம் மருந்தில் 4.7 மில்லி. சதையில் போட்டால் க்ளாஸ்ட்ரிடியம் கிருமி வளர்ந்து சதை அழுகி, அதிலேயே குதிரை போய்விடலாம். கழுத்தில் நரம்பை ஒட்டித் தமனி ஓடுகிறது. தவறி அதில் போனால் குதிரை அங்கேயே சுருண்டு விழும்.

ஃப்ளுனிக்ஸின் வலுவான மருந்து. அதையும் மீறி நான்கு மணி நேரத்தில் வலி திரும்புகிறது என்றால் குடல் முறுக்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம். இன்னொரு ஊசியால் வலியை மூடினால், அறுவை சிகிச்சைக்கு இருக்கும் சில மணி நேரமும் கைவிட்டுப் போகும். தாடையின் அடி விளிம்பில் விரல் வைத்து நாடி பாருங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டினால், அல்லது ஈறு வெளிர் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால், அல்லது ஈறை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால், காத்திருக்காதீர்கள். கால்நடை அவசர உதவி எண் 1962க்கு அழையுங்கள். தேனி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அன்று குதிரைக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று போனில் கேட்டுக்கொண்டே வண்டி பிடியுங்கள். ஊசியின் பெயர், மில்லி, போட்ட மணி மூன்றையும் அட்டையில் எழுதித் தலைக்கயிற்றில் கட்டிவிடுங்கள். பதற்றத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

ஹயோசின் ஊசியும் ஃப்ளுனிக்ஸினும் சேரலாமா? (வாடிப்பட்டி)

சேரலாம். ஹயோசின் குடல் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் நரம்பில். ஆனால் லேபிளைப் படியுங்கள். மெட்டமிசோல், அதாவது அனால்ஜின் கலந்ததும் உண்டு. அதை இன்னொரு வலி ஊசியாகவே கணக்கில் வையுங்கள். ஹயோசின் போட்டபின் நாடி சிறிது நேரம் வேகமாகத்தான் இருக்கும், ஆகவே நாடியை ஊசிக்கு முன்பே எண்ணிவிடுங்கள்.

கால் நொண்டலுக்கு நான்கு நாளாக ஃபினைல்பூட்டசோன் கொடுக்கிறோம். இன்று வயிற்றுவலி. (அலங்காநல்லூர்)

மருத்துவர் வந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். ஃபினைல்பூட்டசோனும் அதே குடும்பத்து வலி மருந்துதான். இந்த வலிக்கே அந்த மருந்து காரணமாக இருக்கலாம், அதன் மேல் ஃப்ளுனிக்ஸின் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய். குட்டையான மட்டக்குதிரைகள் ஃபினைல்பூட்டசோனுக்கு இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும். வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள், சேர்ந்தால் புண் அபாயம் கூடும். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கொடுத்தால் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள். அது இரைப்பையைக் காக்கும், பெருங்குடலைக் காக்காது.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக்? (திருமங்கலம்)

கால்நடைகளுக்கு 2006இலேயே தடை. செத்த உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததுதான் காரணம். கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் தடையாயின. ஃப்ளுனிக்ஸினும் கழுகுக்கு ஆகாது. குதிரை இறந்தால் கண்மாய்க் கரையில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

விளக்கெண்ணெய் ஊற்றலாமா? (செக்கானூரணி)

வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். வலியில் துடிக்கும் குதிரைக்குத் தலையைத் தூக்கி ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். லிக்விட் பாரஃபின் கொடுப்பதானாலும் மூக்குக் குழாய் வழியாக, இரைப்பையில் நீர் தேங்கவில்லை என்று பார்த்தபின் மட்டுமே.

கழுதைக்கும் இதே கணக்கா? (சோழவந்தான்)

அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், தாங்கும் நேரம் வேறு. கழுதையின் உடல் ஃப்ளுனிக்ஸினையும் ஃபினைல்பூட்டசோனையும் குதிரையைவிட வேகமாக வெளியேற்றும், அதனால் இடைவெளியை மருத்துவர் குறைக்கக்கூடும். மெலாக்சிகாம் அதனிடம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும், கழுதைக்கு அது வேண்டாம். கழுதை பெரும்பாலும் புரளாது, உதைக்காது. தீவனத்தைப் பார்த்தபடி சும்மா நின்றாலே வலி முற்றியிருக்கலாம்.