மாலையில் மட்டும்தான்

கேள்வி: ராஜாஜி சாலையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவி இயக்குநராக இருக்கிறேன். மின்சாரச் செலவையும் வாகனச் செலவையும் குறைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள், சாப்பிடப் போகும்போது விளக்கையும் ஃபேனையும் அணையுங்கள், ஆய்வுக்கு இரண்டு பேராக ஒரே வண்டியில் போங்கள் என்று மூன்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன். ஒருவரும் மதிப்பதில்லை, முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். காலையில் திருவொற்றியூர் தேரடியிலிருந்து அலுவலக ஜீப்பில் வரும்போதே ஒன்பதாவது படிக்கும் மகளைத் தண்டையார்பேட்டையில் பள்ளியில் விட்டுவிடுவேன். மாலையில் மட்டும்தான் வண்டி தனியாகப் போய் அவளை வீட்டில் விட்டுவிட்டு வரும், போய்வர 18 கிலோமீட்டர். மனசாட்சியோடு உழைத்தும் பலனில்லையே, என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது நாலு பக்கம். அதில் பெரும்பகுதி ஊழியர்கள் மேல் புகார். மாலை ஜீப்புக்கு ஒரே ஒரு வரி, அதிலும் ஒரு ‘மட்டும்தான்’. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த 18 கிலோமீட்டரை லாக் புக்கில் என்னவென்று எழுதுகிறார்கள்? பள்ளிக்கூடம் என்று எழுத முடியாது. கள ஆய்வு என்றோ தபால் கொடுக்க என்றோ ஓட்டுநர் எழுதியிருப்பார். கீழே உங்கள் கையெழுத்து. தினமும் சாயங்காலம் ஒரு மனிதரை உங்களுக்காகப் பொய் எழுத வைக்கிறீர்கள். அவருடைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

கணக்கும் போட்டேன். பள்ளி நாள் 200 என்று வைத்தாலே 3,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 300 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் 2.6 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும்; ஆக, வருஷத்துக்கு ஏறக்குறைய 800 கிலோ. இதை வைத்துக்கொண்டா ஃபேன் சுவிட்சுக்குச் சுற்றறிக்கை?

24 டிகிரி சரியான அளவுதான். ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் மாலையில் உங்கள் ஜீப் கேட்டைத் தாண்டும் சத்தம் மாடிவரை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே எந்த இளநிலை உதவியாளர் எழுந்துபோய் ஃபேனை அணைப்பார்? ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் வடசென்னைக்காரர் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். நகரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் அனல்மின் நிலையங்களின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் படிந்து கிடப்பதை நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? வீணாகும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பக்கத்து ஊர் மீனவர் வலையில் வந்து விழுகிறது.

மெட்ரோ 2022 மார்ச்சிலேயே உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. காலையில் மகளோடு தேரடியில் ஏறுங்கள். அவள் தண்டையார்பேட்டையில் இறங்கட்டும். நீங்கள் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி நடங்கள். மாலையில் அவள் தோழிகளோடு வரட்டும். நாலாவது ஸ்டேஷன் வீடு. பிள்ளையைப் பத்திரமாக அனுப்புவது அப்பாவின் கடமை, மறுக்கவில்லை. அதற்கு ஊரார் வரிப்பணத்து டீசல் எதற்கு?

அப்புறம், ஓட்டுநரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனி அந்தப் பயணம் கிடையாது என்று சொல்லுங்கள். இதுவரை எழுதியதெல்லாம் உங்கள் பொறுப்பு, அவர் மேல் பழி வராது என்று எழுத்திலும் கொடுங்கள். ஓடிய டீசலுக்கான பணத்தைக் கணக்குப் பார்த்து அரசுக்குக் கட்டுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் சுற்றும். மாற்றித் தரச் சொல்லி மேலிடத்துக்குக் கருத்துரு அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜீப் ஏன் வரவில்லை என்று மகள் கேட்பாள். அப்பா செய்தது தப்பு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு அது புரியும்.