கேள்வி பதில்: 5090 கார்டுக்கு 850 வாட் போதுமா?

கேள்வி: இன்டெல் 14900கே பிராசஸர் போட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ஆர்.டி.எக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு வாங்கப்போகிறேன், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங்தான் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது) முக்கிய வேலை. இருப்பது ஐந்து வருடப் பழைய 850 வாட் கோல்டு பவர் சப்ளை. 'கோல்டுதானே, தாங்கும்' என்கிறார் கடைக்காரர். தாங்குமா?
– கோவை வாசகர்

பதில்: தாங்காது, மாற்றிவிடுங்கள். கார்டு மட்டும் 575 வாட் இழுக்கும், 14900கே முழு மூச்சில் ஓடினால் 253 வாட் வரை போகும், ஆக இந்த இரண்டுக்கே 828. மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன், கூலர் பம்ப் எல்லாம் சேர்ந்தால் 900 பக்கம் வந்துவிடும். கேம் விளையாடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது குறைவு, ஆனால் பிளெண்டரில் பிராசஸரையும் கார்டையும் சேர்த்து ரெண்டருக்கு விட்டால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கார்டைத் தயாரிக்கும் என்விடியாவே 1000 வாட் சப்ளை என்றுதான் சொல்கிறது. உங்கள் பிராசஸரோடு என்றால் நான் 1200-க்குப் போகச் சொல்வேன்.

இன்னொரு விஷயம், 575 என்பது சராசரி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு கார்டு அதைத் தாண்டி எகிறும். 2020-ல் என்விடியாவின் பழைய 3090 கார்டு வந்தபோது பலரும் அவதிப்பட்டது இதில்தான்: கார்டு 350 வாட், சப்ளை 750, கணக்குப்படி தாராளம், ஆனாலும் கேம் நடுவில் மெஷின் பொசுக்கென்று அணைந்துவிடும். சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் அந்த எகிறலைக் கோளாறு என்று நினைத்து கரன்ட்டை வெட்டிவிடுகிறது. 2022-ல் பவர் சப்ளைகளுக்கு வந்த ஏ.டி.எக்ஸ் 3.0 விதி இதற்காகவே, 100 மைக்ரோ விநாடிக்கு இரண்டு மடங்கு சுமை வந்தாலும் சப்ளை அசையக் கூடாது என்கிறது. பெட்டியில் 3.0 அல்லது 3.1 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், இந்த எகிறலைத் தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அப்புறம் கார்டுக்கு மின்சாரம் போகும் அந்த 16 பின் பிளக். 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர், அதைப் பதினாறில் ஆறே ஆறு மெல்லிய பின்கள் பங்குபோட்டுக் கொள்கின்றன, ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல். 2022 கடைசியில் 4090 கார்டுகளில் இந்த பிளக் உருகிய படங்கள் வந்தபோது, முழுசாகச் செருகாததுதான் பெரும்பாலும் காரணம் என்றது என்விடியா. பிறகு வந்த 12வி-2×6 என்ற பிளக் வடிவத்தில் சென்ஸ் பின்களை (பிளக் உட்கார்ந்ததா என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன பின்கள்) குட்டையாக்கிவிட்டார்கள், பிளக் சரியாக உட்காராவிட்டால் கார்டு பவர் எடுக்காது. அதனாலேயே கவலை விட்டது என்று இருந்துவிடாதீர்கள். அடாப்டர் வேண்டாம், சப்ளையோடு வரும் நேரடி கேபிளைப் போடுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், பிளக்குக்கும் கார்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. பிளக்கிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக வந்த பிறகுதான் கேபிள் வளைய வேண்டும், கேபினெட் கதவு அதை அழுத்துகிற மாதிரி இருந்தால் கேபினெட்டையே மாற்றுங்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் கார்டு!

கேள்வி: புது சப்ளை வாங்கினேன். பழைய கேபிள்களை அப்படியே வைத்துக்கொண்டு யூனிட்டை மட்டும் மாற்றலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: கூடவே கூடாது. சப்ளை பக்கம் எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறும். பிளக் அழகாகப் பொருந்தும், ஆன் செய்ததும் எஸ்எஸ்டி போய்விடலாம்.

கேள்வி: 5090 மெஷினுக்கு 600 விஏ யு.பி.எஸ் போதுமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். ரெண்டர் ஓடும்போது கரன்ட் போனால் யு.பி.எஸ் கத்திவிட்டு அதுவும் அணைந்துவிடும். விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள், 1200-க்குக் குறையாமல், சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தரும் மாடலாக. இப்போதைக்கு பட்ஜெட் இல்லை என்றால் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள், 460 வாட்டுக்கு வந்துவிடும், வேகம் குறைவது கொஞ்சம்தான். அப்போதும் அந்த 600 விஏ பத்தாது, மானிட்டருக்கும் ரவுட்டருக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.